பால் இல்லாத பட்டர், வயித்தயும் கலக்காத பட்டர்: லோ ஃபாட்மேப்ல புதுசா இறங்கினவங்களுக்கு வேலூர்லருந்து ஒரு கைட்

போன வருஷம் கத்திரி வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்கு 200 கிராம் வீகன் பட்டர் (பால் சேராதது) கூரியர்ல வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்றத விட வடிஞ்சுச்சுன்னு சொல்லலாம், அட்டைப்பெட்டியோட அடி பூரா எண்ணெய். டப்பாக்கு 340 ரூபா, டெலிவரிக்கு 80. சரி ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுப்போம்னு வெச்சேன், மணல் மாதிரி நறநறன்னு ஆயிடுச்சு, அதயும் விடாம தோசைல போட்டு சாப்ட்டு பாத்தா ராத்திரி பூரா வயிறு மத்தளம். மறுநாள் தான் டப்பாவ திருப்பி படிச்சேன். ரெண்டாவது ஐட்டமே எனக்கு ஆகாத முந்திரி!

எனக்கு ஐபிஎஸ், அதாவது அடிக்கடி வயிறு உப்பி வலிச்சு பாத்ரூமுக்கு ஓட வெக்கற குடல் கோளாறு. டாக்டர் லோ ஃபாட்மேப் டயட் சொல்லியிருக்காரு, வயித்துல கேஸ் பண்ற சில சக்கரை வகைங்கள கொறைக்கற சாப்பாடு. எங்க பாப்பாவுக்கு பால் அலர்ஜி. ஒரே வீட்ல ரெண்டு டப்பா வெச்சா கத்தி மாறி ஸ்பூன் மாறி எதாவது ஆயிடும்னு ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற ஒரே பட்டரா தேட ஆரம்பிச்சு நாலு மாசம் ஓடிடுச்சு. அந்த நாலு மாசம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னு தான் இத டைப் பண்றேன்.

1. முதல்ல உங்களுக்கு பட்டர நிறுத்த வேண்டிய அவசியம் இருக்கான்னு பாருங்க

இத யாரும் எனக்கு முதல்ல சொல்லல. ஃபாட்மேப்ன்றது எல்லாமே மாவுச்சத்து சக்கரை குடும்பத்து சரக்கு, சரியா செரிக்காம பெருங்குடலுக்கு போயி அங்க புளிச்சு கேஸ் பண்ற வகை. கொழுப்புல அது கிடையாது. பட்டர் கிட்டத்தட்ட 80 சதவீதம் கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் தண்ணி. ஒரு டம்ளர் பால்ல லாக்டோஸ் (பால்ல இருக்கற சக்கரை, அதுவும் ஃபாட்மேப் தான்) 9, 10 கிராம் வருதுன்னா 100 கிராம் பட்டர்ல ஒரு கிராம் கூட தேறாது. நெய்ல அதுவும் இல்லன்னே சொல்லலாம். அதனால உங்களுக்கு ஐபிஎஸ் மட்டும் தான், பால் அலர்ஜி இல்ல, வீகனும் இல்லன்னா, சாதா பட்டரயும் நெய்யயும் அளவா சாப்பிடலாம், இந்த கட்டுரைய இங்கயே மூடிட்டு போயி நாஸ்தா சாப்பிடுங்க.

பால் அலர்ஜி இருக்கறவங்க கதை வேற. அவங்களுக்கு பிரச்சனை பால்ல இருக்கற புரதம், லாக்டோஸ் இல்ல. "லாக்டோஸ் ஃப்ரீ பட்டர்"ன்னு போட்டிருந்தா அதுவும் பால் தான், வாங்காதீங்க. நெய்யும் வேணாம், காய்ச்சி வடிகட்டினாலும் துளி புரதம் தங்கிடும். எங்க அத்தை இன்னிக்கும் நம்பல, "நெய்ல எங்க பாலு கீது"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

2. டயட்டீஷியன பாக்க போகும்போது என்னென்ன எடுத்துட்டு போகணும்

நான் முதல் தடவ வெறுங்கையோட போனேன், 400 ரூபா ஃபீஸ் குடுத்து "ரெண்டு வாரம் டைரி எழுதிட்டு வாங்க"ன்னு கேட்டுட்டு வந்தேன். நீங்க போறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, பெரிசா ஒண்ணும் வேணாம், ஸ்கூல் நோட்டு போதும்: என்ன சாப்ட்டேன், எத்தன மணிக்கு, எவ்ளோ, எத்தன மணிக்கு வயிறு உப்புச்சு, பாத்ரூம் எத்தன தடவ. கூடவே பழைய ரிப்போர்ட் எல்லாம் (ரத்தம், தைராய்டு, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எது இருந்தாலும்), இப்ப சாப்பிடற மாத்திரை லிஸ்ட், பிள்ளைக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்திருந்தா அந்த சீட்டு, அப்பறம் வீட்ல இருக்கற பட்டர் எண்ணெய் டப்பா எல்லாத்தோட பின்பக்க போட்டோ. போட்டோ தான் ரொம்ப முக்கியம், அத பாத்து தான் அவங்க பத்து நிமிஷத்துல பாதி சந்தேகத்த தீத்து வெச்சாங்க.

ஒரு எச்சரிக்கை. சீலியாக் (கோதுமைல இருக்கற க்ளூட்டன் குடலுக்கு ஆகாத நோய்) டெஸ்ட் எடுக்காம நீங்களா கோதுமைய நிறுத்திடாதீங்க. கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தா தான் அந்த ரத்த டெஸ்ட் சரியா காட்டும், நிறுத்தி ரொம்ப நாள் கழிச்சு எடுத்தா இருக்கறத கூட இல்லன்னு காட்டிடும், அப்பறம் திரும்ப பல வாரம் கோதுமை சாப்ட்டு டெஸ்ட் எடுன்னு சொல்லுவாங்க, அந்த வாரங்கள உங்க வயிறு தாங்காது.

3. டப்பாவ திருப்புங்க

முன்பக்கம் பூரா விளம்பரம். பச்ச புள்ளி இருக்கேன்னு ஏமாறாதீங்க, நம்ம ஊர் பச்ச புள்ளி சைவம்னு தான் சொல்லுது, பால் அதுல சைவம் தான். வீகனுக்கு தனியா ஒரு லோகோ, பச்ச கலர்ல வி எழுத்து, 2022ல அதுக்கு ரூல் வந்துச்சு. இன்னொரு பச்சயும் இருக்கு, ஆஸ்திரேலியால மோனாஷ் யூனிவர்சிட்டியோட ஃபாட்மேப் ஆப்ல வர்ற பச்ச, அது இந்த அளவு வரைக்கும் லோ ஃபாட்மேப்னு அர்த்தம். இந்த மூணு பச்சயயும் நான் போட்டு குழப்பிக்கிட்டது கொஞ்சநஞ்சமில்ல.

இப்ப பின்பக்கம். என்னோட ஷார்ட்கட் இது தான்: முதல்ல நியூட்ரிஷன் டேபிள்ல 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் எவ்ளோன்னு பாருங்க. ஃபாட்மேப் எல்லாமே கார்போஹைட்ரேட் தானே, அங்க பூஜ்யமோ ஒண்ணோ இருந்தா ஒளிஞ்சுக்க இடமே இல்ல, ஒரு ஸ்பூன்ல வர்றது கிராம்ல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அஞ்சு, எட்டு, பன்னெண்டுன்னு இருந்தா உஷாராயிடுங்க, எங்கருந்து வருதுன்னு இன்க்ரீடியண்ட்ஸ்ல தேடணும். டயட்டரி ஃபைபர்னு தனி வரி இருந்தா அதயும் பாத்துடுங்க.

இன்க்ரீடியண்ட்ஸ் எடை அதிகமா இருக்கறதுலருந்து கொறச்சலா இருக்கறது வரைக்கும் வரிசையா போட்டிருப்பாங்க. எனக்கு ஆகாதவங்க லிஸ்ட்:

முந்திரி. வெளிய விக்கற வீகன் பட்டர்ல, முக்கியமா "ஆர்ட்டிசன்", "கல்ச்சர்ட்"ன்னு போட்டு விலை ஏத்தினதுல, முந்திரி தான் அடித்தளம். லோ ஃபாட்மேப்ல முதல் கட்டத்துல (ஃபாட்மேப் எல்லாத்தயும் நிறுத்தி வெக்கற முதல் சில வாரம்) முந்திரியும் பிஸ்தாவும் கிட்டயே சேக்க கூடாது.

இன்யூலின் (இன்சுலின் இல்ல, ஒரு வகை நார்ச்சத்து). இது பல பேர்ல வரும், சிக்கரி ரூட் ஃபைபர், ஒலிகோஃப்ரக்டோஸ், எஃப்.ஓ.எஸ்., ப்ரீபயாடிக் ஃபைபர். "லைட்", "லோ ஃபேட்"ன்னு வர்ற ஸ்ப்ரெட்ல கொழுப்ப கொறச்ச எடத்துல கெட்டித்தன்மைக்கு இத போடறது உண்டு. வாங்கறவன் ஆரோக்கியம்னு நெனச்சு வாங்குவான், நம்ம வயித்துக்கு அது வெடிகுண்டு.

முழு சோயா பால், சோயா மாவு. ஆனா சோயா எண்ணெயும் சோயா லெசித்தினும் பிரச்சனை இல்ல, அது கொழுப்பு. சோயான்னு பாத்ததும் மூணு டப்பாவ திருப்பி அடுக்கிட்டு வந்தவ நான், அதுல ஒண்ணு இப்ப எங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கு.

பூண்டு. கார்லிக் ஸ்ப்ரெட் எதுவும் வேணாம்.

அப்பறம் அந்த ஐ.என்.எஸ். நம்பர், பாக்கெட் சாப்பாட்டுல சேக்கற பொருளுக்கு போடற நம்பர். 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 965 மால்ட்டிட்டால், 967 சைலிட்டால், இனிப்புக்கு போடற இதெல்லாம் ஆகாது, ஆனா பட்டர்ல அபூர்வம், சுகர் ஃப்ரீ பீநட் பட்டர்ல தான் மாட்டும். 202ன்னு ஒண்ணு பாப்பீங்க, பொட்டாசியம் சார்பேட். பேரு சார்பிட்டால் மாதிரி இருக்கறதால நான் ரெண்டு மாசம் அத பாத்து பயந்துட்டு இருந்தேன், அதுக்கும் சார்பிட்டாலுக்கும் சம்பந்தமே இல்ல, கெட்டுப்போகாம இருக்க போடறது. 322 லெசித்தின், 471 எண்ணெயும் தண்ணியும் பிரியாம பிடிச்சு வெக்கறது, ரெண்டும் ஓகே.

அலர்ஜிக்காக பாக்கறவங்க: மில்க் சாலிட்ஸ், வே பவுடர், ஸ்கிம்டு மில்க் பவுடர், கேசினேட் (பால் புரதம்), பட்டர் ஃப்ளேவர் பக்கத்துல பால்னு போட்டிருக்கா, எல்லாம் பாருங்க, கீழ "கன்டெயின்ஸ் மில்க்"ன்னு தனியா வரும். மில்க் சாலிட்ஸ் துளி இருந்தா எனக்கு ஓகே, பாப்பாவுக்கு நோ. "நான் டெய்ரி"ன்னு முன்னாடி போட்டுட்டு பின்னாடி கேசினேட் போட்ட பாக்கெட் கூட உண்டு.

புரியாத வார்த்தை இருந்தா பாக்கெட்ல இருக்கற கஸ்டமர் கேர் மெயிலுக்கு எழுதுங்க. சும்மா "இது நல்லதா"ன்னு கேட்டா "எங்க பொருள் தரமானது"ன்னு தான் பதில் வரும். இந்த மூணு கேளுங்க: ஃபைபர்னு போட்டது இன்யூலினா, ஃப்ளேவர் பால்லருந்து எடுத்ததா, அதே மெஷின்ல பால் ஐட்டம் ஓடுதா. நான் ரெண்டு கம்பெனிக்கு எழுதினேன், ஒண்ணு ஆறு நாள்ல தெளிவா பதில் போட்டாங்க, இன்னொண்ணு இன்னும் வரல.

4. நம்ம ஊர்ல எங்க தேடறது

லாங் பஜார்லயும் நேதாஜி மார்க்கெட்லயும் போயி "பால் இல்லாத பட்டர்"னு கேட்டா ரெண்டு விதமான பொருள எடுத்து நீட்டுவாங்க. ஒண்ணு டால்டா, இன்னொண்ணு பேக்கரிக்காரங்க வாங்கற மார்ஜரின் கட்டி. ஒரு கடைக்காரர் "இன்னா மேடம், எல்லா பேக்கரியும் இத தான் வாங்கினு போறாங்க"ன்னாரு. உண்மை தான். டால்டால ஃபாட்மேப் கிடையாது, பாலும் கிடையாது, 2022லருந்து ட்ரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்கு மேல இருக்க கூடாதுன்னு சட்டமும் இருக்கு. ஆனாலும் தெனம் ரொட்டில தடவ நான் வாங்க மாட்டேன், அது என் முடிவு. லூஸ்ல வெட்டி குடுக்கற மார்ஜரின்ல லேபிள் இல்லாததால அலர்ஜி வீட்டுக்கு ஆகவே ஆகாது, முழு கட்டியோட கவர காட்ட சொல்லுங்க, காட்டலன்னா வந்துடுங்க.

பெரிய சூப்பர் மார்க்கெட்ல ஃபேட் ஸ்ப்ரெட்னு டப்பால வரும், பட்டர் ரேக்லயே இருக்கும், பட்டர் மாதிரியே பேக்கிங். செடி எண்ணெய்ல பண்ணது தான், ஆனா நான் எடுத்து பாத்த அஞ்சுல மூணுல மில்க் சாலிட்ஸ். இதுல ஒண்ணு செட் ஆயிடுச்சுன்னா அது தான் மலிவு, வீகன்னு லேபிள் ஒட்டின டப்பா விலைல பாதி கூட வராது. ஒவ்வொரு தடவ வாங்கும்போதும் பின்பக்கத்த திரும்ப படிங்க, ஃபார்முலாவ சத்தமில்லாம மாத்துவாங்க.

5. ஆன்லைன்ல ஆர்டர் பண்றதுன்னா காலம் பாத்து பண்ணுங்க

வீகன் பட்டர் பாதிக்கு மேல தேங்காண்ண பேஸ். தேங்காண்ண 24, 25 டிகிரிலயே உருகிடும், நம்ம ஊரு வெயில பத்தி நான் சொல்ல தேவையில்ல. மார்கழி தை மாசத்துல வாங்கினா கட்டியா வந்து சேரும். மார்ச்சுக்கு மேல ஐஸ் பேக்கோட அனுப்பறவங்க கிட்ட மட்டும் வாங்குங்க, அதுக்கு தனியா காசு கேப்பாங்க, கேட்டா குடுங்க. வெள்ளிக்கிழமை ஆர்டர் போடாதீங்க, ஞாயித்துக்கிழமை பூரா பொட்டி எதாவது குடோன்ல வெந்துட்டு கிடக்கும். உருகி வந்தா பிரிக்கறதுக்கு முன்னாடி வீடியோ எடுங்க, நான் எடுக்கல, ரீஃபண்ட் கேட்டதுக்கு "ஃபோட்டோ ப்ரூஃப் இல்ல"ன்னுட்டாங்க.

இன்ஸ்டால வீட்லருந்து பண்ணி விக்கறவங்க கிட்ட வாங்கறதா இருந்தா 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவு லைசென்ஸ்) நம்பர் கேளுங்க, முழு இன்க்ரீடியண்ட் லிஸ்ட் வாட்ஸப்ல எழுத்துல வாங்கிக்குங்க. "எல்லாம் நேச்சுரல் தான் சிஸ்"ன்னு வாய்ஸ் நோட் வந்தா அது லிஸ்ட் இல்ல.

6. வீட்லயே பண்ணிடலாம், நான் இப்ப இதுல தான் ஓட்டறேன்

ரீஃபைன்டு தேங்காண்ண 100 கிராம் (செக்குதுன்னா வாசன தூக்கும், தோசைக்கு நல்லா இருக்கும், ப்ரெட்டுக்கு நல்லா இருக்காது), கடலெண்ண இல்ல தவிட்டெண்ண 25 மில்லி, ஜில் தண்ணி 20 மில்லி, லிக்விட் சோயா லெசித்தின் அர ஸ்பூன், உப்பு கால் ஸ்பூன், கலருக்கு மஞ்சத்தூள் ஒரு சிட்டிகைல பாதி. மஞ்சள் கூடிடுச்சுன்னா பட்டர்ல சாம்பார் வாசன வரும், அனுபவம்.

தேங்காண்ணய லேசா உருக்கி ஆற விடுங்க, சூடா இருக்க கூடாது. எல்லாத்தயும் சின்ன மிக்ஸி ஜார்ல போட்டு அர நிமிஷம் ஓட்டுங்க. அப்பறம் ஒரு கிண்ணத்துல ஊத்தி, ஐஸ் தண்ணி இருக்கற பெரிய பாத்திரத்துக்குள்ள அந்த கிண்ணத்த வெச்சு கரண்டியால கலக்கிட்டே இருக்கணும், அஞ்சாறு நிமிஷத்துல கஸ்டர்ட் மாதிரி கெட்டியாகும், அப்ப டப்பால ஊத்தி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம். இந்த ஐஸ் வேலைய விட்டுட்டு நேரா ஃப்ரிட்ஜ்ல வெச்சா தண்ணி கீழ எண்ணெய் மேலன்னு பிரிஞ்சுடும், மூணு தடவ பிரிஞ்சப்பறம் தான் எனக்கு புரிஞ்சுது. லெசித்தின் இங்க கடைல எனக்கு கிடைக்கல, கேக் சாமான் விக்கற ஆன்லைன் கடைல வாங்கினேன், ஒரு பாட்டில் வருஷம் ஓடும் போல. ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க, தண்ணி சேந்திருக்கறதால அதுக்கு மேல நம்ப முடியாது. கரண்ட் போச்சுன்னா திறக்காம விடுங்க, உருகிடுச்சுன்னா திரும்ப ஐஸ் தண்ணில வெச்சு கலக்கினா கூடிடும்.

தண்ணிக்கு பதிலா தேங்காப்பால் ஊத்தலாமான்னு கேப்பீங்க, இந்த அளவுக்கு ஊத்தலாம். டப்பா தேங்காப்பால்னா அதுலயும் இன்யூலின் இருக்கான்னு பாத்துக்குங்க.

கார்லிக் பட்டர் தான் வேணும்னு மனசு அடிச்சுக்கிச்சுன்னா ஒரு வழி இருக்கு. பூண்டுல இருக்கற ஃப்ரக்டான் (ஃபாட்மேப்ல ஒரு வகை) தண்ணில தான் கரையும், எண்ணெய்ல கரையாது. கடலெண்ணய மட்டும் காய வெச்சு முழு பூண்டு பல் போட்டு பொன்னிறம் ஆனதும் பல்ல பூரா எடுத்து போட்டுட்டு, மேல சொன்ன கலவைய அன்னிக்கே தீர்ற அளவுக்கு மட்டும் பண்ணி அதுல அந்த எண்ணெய சேத்துக்குங்க. பூண்ட நேரா பட்டர்ல போடாதீங்க, அதுல தண்ணி இருக்கு. அந்த எண்ணெய வெளிய பாட்டில்ல வெச்சுக்க கூடாது, பூண்டு ஊறின எண்ணெய்ல விஷக்கிருமி வளரும், அன்னன்னிக்கு பண்ணி அன்னன்னிக்கு தீத்துடுங்க.

7. கடலை வெண்ணெயும் எள்ளும்

ரொட்டில தடவ எதாவது வேணும், அவ்ளோ தான் தேவைன்னா பட்டர தேடி அலையவே வேணாம். ஆரணி போளூர் பக்கம் கடலை வெளையற ஊர்ல இருந்துட்டு 300 ரூபா குடுத்து பீநட் பட்டர் வாங்கறது எனக்கு மனசு ஒப்பல. கால் கிலோ கடலைய வறுத்து தோல் நீக்கி, சுருங்கினது கறுத்தது பூஞ்ச பிடிச்சது எல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டு, மிக்ஸில விட்டு விட்டு அரைங்க, முதல்ல பொடி, அப்பறம் உருண்ட, அப்பறம் தானா எண்ணெய் விட்டு இளகும், அது வரைக்கும் பொறுமை வேணும், நடுவுல மிக்ஸிக்கு ரெஸ்ட் குடுங்க. எனக்கு 40, 45 ரூபால முடிஞ்சுது. ஒரு வேளைக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் வரைக்கும் லோ ஃபாட்மேப்ல வரும். எள்ளு வறுத்து அரைச்சதும் அதே மாதிரி தான். பாதாம்னா ஒரு டேபிள்ஸ்பூனோட நிறுத்திக்குங்க. கடைல வாங்கினா தேன் கலந்தத தவிருங்க.

வீட்ல யாருக்காவது கடலை அலர்ஜி இருந்தா இந்த பாயிண்டும், மேல சொன்ன கடலெண்ணயும் உங்களுக்கு இல்ல.

8. டெஸ்ட் பண்ற விதம்

புது டப்பா வந்ததும் அன்னிக்கே பன்ல தடவி சாப்ட்டு, "இந்த பட்டர் ஒத்துக்கல"ன்னு தூக்கி போடறது தான் எல்லாரும் பண்ற தப்பு. பன் மைதா. கோதுமைல ஃப்ரக்டான் இருக்கு, வயித்த கலக்கினது பன்னா பட்டரான்னு யாருக்கு தெரியும்? வெறும் சோத்துல, இல்ல வேக வெச்ச உருளைக்கிழங்குல போட்டு பாருங்க. முதல் நாள் ஒரு டீஸ்பூன், ரெண்டாம் நாள் ரெண்டு, மூணாம் நாள் ஒரு டேபிள்ஸ்பூன், அந்த மூணு நாளும் வேற புது ஐட்டம் எதுவும் கூடாது. வயிறு உடனே சொல்லாது, சாப்ட்டு பல மணி நேரம் கழிச்சு கூட வரும், அதனால மறுநாள் காலை வரைக்கும் எழுதுங்க.

ஃபாட்மேப் இல்லன்னா எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு இல்ல. கொழுப்பு அதிகமானாலே ஐபிஎஸ் வயித்துக்கு ஆகாது, ஒரே வேளைல நெறய எண்ணெய் போனா குடல் வேகமா சுருங்கி பாத்ரூமுக்கு ஓட வெக்கும். எனக்கு ஒரு வேளைக்கு ரெண்டு டீஸ்பூன் தான் லிமிட், பொங்கல் அன்னிக்கு அத மறந்துட்டு ரெண்டு நாள் அவதிப்பட்டேன்.

முதல் கட்டம் ரெண்டுலருந்து ஆறு வாரம் தான். அதுக்கு மேல இழுக்காதீங்க, நான் பயந்துக்கிட்டு பத்து வாரம் இருந்தேன், டயட்டீஷியன் திட்டினாங்க. அப்பறம் ஒவ்வொரு வகையா திரும்ப சேத்து பாக்கறது, அது ஒரு ரெண்டு மாசம் ஓடும். முந்திரி பட்டர் ஆசை இருக்கறவங்க அப்ப பாத்துக்கலாம், ஆனா முந்திரில ரெண்டு வகை ஃபாட்மேப் சேந்தே இருக்கறதால அத வெச்சு எந்த வகை ஆகலன்னு கண்டுபிடிக்க முடியாது, கடசில வெச்சுக்குங்க.

9. வெளிய சாப்பிடும்போது

டீக்கடை பன் பட்டர் ஜாம்ல பட்டர் என்னன்னு கேட்டு பிரயோஜனம் இல்ல, பன்னே ஆகாது. ஓட்டல்ல "பட்டர் போடாதீங்க, எண்ணெய் மட்டும் ஊத்துங்க"ன்னு தோசைக்கு சொல்லிடுங்க, அலர்ஜி இருக்கற பிள்ளைன்னா "நெய்யும் பட்டரும் வேணாம், அலர்ஜி, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போகணும்"னு சப்ளையர் முகத்த பாத்து சொல்லுங்க. சும்மா வேணாம்னா "கொஞ்சம் தானே மேடம்"னு போட்டுடுவாங்க. கல்லுல முந்தின தோசைக்கு ஊத்தின நெய் இருக்கும்ன்றதால பாப்பாவுக்கு நான் வெளில தோசை வாங்கறதே இல்ல, இட்லி தான்.

காட்பாடிலருந்து ரயில்ல போகசொல்ல நம்ம பட்டர சின்ன எவர்சில்வர் டப்பால போட்டு, முந்தின ராத்திரி ஃப்ரீசர்ல வெச்ச தண்ணி பாட்டிலோட ஒட்டி துணில சுத்தி எடுத்துட்டு போறேன், சென்னை வரைக்கும் தாங்குது. மூடி டைட்டா இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துக்குங்க, போன மாசம் ஹேண்ட்பேக்ல இருந்த பாப்பாவோட ரிப்போர்ட் பூரா எண்ணெய்.